சென்னையைப் படமெடுக்க எப்போது வரலாம்: தீபாவளிக்கா, பொங்கலுக்கா, அறுபத்து மூவருக்கா?

"சென்னைக்கு ஒரு நாலைந்து நாள் வந்து தெரு, பழைய கட்டடங்கள், திருவிழா எல்லாவற்றையும் படம் எடுக்க வேண்டும். எப்போது வரட்டும்?" வெளியூர் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் மனதில் பெரும்பாலும் மூன்று காலங்கள் இருக்கும். தீபாவளிக்கு முந்தைய தி.நகர்க் கூட்டம் ஒன்று. மார்கழிக் கடைசியில் தொடங்கிக் காணும் பொங்கல் வரை நீளும் வாரம் இன்னொன்று. பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்து மூவர், அதாவது நாயன்மார் பல்லக்கு ஊர்வலம், மூன்றாவது. மூன்றிலும் நல்ல படங்கள் கிடைக்கும். ஆனால் ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்றால் பொங்கலுக்கு வாருங்கள் என்றுதான் சொல்வேன். எந்தத் திருவிழா பெரியது என்று பார்த்து இதைச் சொல்லவில்லை. வெயில் எப்படி விழுகிறது, சாலை எவ்வளவு காலியாக இருக்கிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் வெயில். சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. பொங்கல் சமயத்தில் சூரியன் நன்றாகத் தெற்கே சாய்ந்திருக்கும். உச்சி வேளையில்கூட சுமார் 55 டிகிரி உயரத்தோடு நின்றுவிடும். பங்குனிக் கடைசியில் அதே உச்சி வெயில் 80 டிகிரியைத் தாண்டி, கிட்டத்தட்ட தலைக்கு நேரே வந்துவிடும். அப்போது மனித முகத்தில் கண் இருக்கும் இடம் இருட்டுக் குழியாகும். கட்டடங்களில் ஜன்னல் வளைவுக்குக் கீழெல்லாம் நீளமாக நிழல் இறங்கும். காலை ஒன்பது மணிக்குக் கேமராவை உள்ளே வைத்தால் மாலை நாலரைக்குத்தான் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். பொங்கல் வாரத்தில் பத்தரை, பதினொரு மணி வரை தைரியமாக எடுக்கலாம். மதியம் மூன்று மணிக்கே வெயில் மறுபடி இதமாகிவிடும். நாலு நாளில் இந்த உபரி நேரம் சேர்ந்தால் ஒரு முழு நாளுக்குச் சமம்.

கட்டடங்களுக்கு இந்தச் சாய்வு இன்னும் முக்கியம். சென்ட்ரல் ரயில் நிலையமும் ரிப்பன் மாளிகையும் ஈ.வெ.ரா. பெரியார் சாலையின் வடபுறம் ஒரே வரிசையில் தெற்கு பார்த்து நிற்பவை. சென்ட்ரல் 1873-ல் வந்தது, செக்கச்சிவப்பு. ரிப்பன் 1913-ல் திறக்கப்பட்டது, வெள்ளை வெளேர். ஜனவரியில் சூரியன் நாள் முழுவதும் தென்பக்கமாகவே போவதால் இரண்டின் முகப்பிலும் காலையிலிருந்து மாலை வரை வெயில் இருக்கும். காலை ஒன்பது மணிக்குச் சாலையின் எதிர்ப்புறத்தில் நின்றால் வெளிச்சம் உங்கள் வலது தோளுக்குப் பின்னாலிருந்து வந்து ரிப்பனின் தூண்களில் படும். ஒவ்வொரு தூணும் தனித்தனியாகத் திரண்டு தெரியும். ஜூன் மாதம் அதே இடத்தில் நின்றால் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால், வடக்கே போயிருக்கும். முகப்பு முழுக்க நிழல். கோடை விடுமுறைக்கு வந்து "ரிப்பன் பில்டிங் ஏன் இவ்வளவு சாம்பலாக வருகிறது" என்று வருத்தப்படுபவர்களுக்கு இதுதான் காரணம், கேமராமேல் பழி போட வேண்டாம்.

மெரினா ஓரத்துக் கட்டடங்கள் கிழக்கு பார்த்தவை. விவேகானந்தர் இல்லம், மாநிலக் கல்லூரி, ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1879-ல் முடிந்த பல்கலைக்கழக செனட் மாளிகை எல்லாமே காமராஜர் சாலையின் மேற்குப் பக்கம் நிற்பதால், கடலிலிருந்து எழும் முதல் வெயில் இவற்றின் மேல்தான் விழும். எந்த மாதம் வந்தாலும் இவை காலைப் படங்கள். மாலையில் போனால் கட்டடத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கும், குவிமாடங்களின் நிழலுருவம் மட்டும் கிடைக்கும். அதுவும் அழகுதான், ஆனால் அது வேறு படம்.

இரண்டாவது, சாலை. பொங்கலுக்கு முந்தைய இரண்டு நாட்களில் சென்னையே பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடும். பொங்கலன்று காலையில் அண்ணா சாலையில் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கலாம். மற்ற நாட்களில் பேருந்தும் ஆட்டோவும் மறைக்கும் கட்டடங்கள் அன்றைக்குத் தரையிலிருந்து உச்சிவரை தெரியும். தீபாவளிக்கும் ஊர் காலியாகும், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு வானம் கைகொடுக்குமா என்று சொல்ல முடியாது. பொங்கல் பயண நெரிசலில் உங்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. எல்லோரும் சென்னையை விட்டுப் போகும்போது நீங்கள் வருகிறீர்கள், அவர்கள் திரும்பும்போது நீங்கள் கிளம்புகிறீர்கள். எதிர்த்திசையில் ரயில் டிக்கெட் எளிதாகக் கிடைக்கும்.

சரி, அந்த வாரத்தில் என்னென்ன எடுக்கலாம்? மார்கழியின் கடைசி நாட்களில் ஒன்றிரண்டையாவது சேர்த்துக்கொண்டு வாருங்கள், ஏனென்றால் கோலம். மயிலாப்பூரில் மாடவீதிகளை ஒட்டிய சந்துகளில் ஐந்து மணிக்கெல்லாம் வாசல் தெளித்துவிடுவார்கள். சூரியன் வருவது 6.35 வாக்கில்தான். இடைப்பட்ட ஒன்றரை மணி நேரம் இருட்டு, தெருவிளக்கு, பிறகு நீலம், பிறகு வெளுப்பு என்று மாறிக்கொண்டே போகும். தெருவிளக்கு மஞ்சளும் வானத்து நீலமும் சம அளவில் இருக்கும் அந்தப் பத்து நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். கோலம் எடுக்கும்போது எல்லோருக்கும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. நனைந்த தரை கருப்பாக இருப்பதால், கேமரா காட்சியே இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். மாவுக்கோடு வெளுத்துத் தடித்துப்போகும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறையுங்கள், அதாவது கேமராவுக்குள் போகும் வெளிச்சத்தைப் பாதியாக்குங்கள். மொபைலிலும் திரையைத் தொட்டுக் கீழே இழுத்தால் குறையும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் கோட்டின் மேடு தெரியும், விரலிடுக்கில் மாவு விட்டுவிட்டு விழுந்த இடம்கூடத் தெரியும். ஃபிளாஷ் அடித்தால் அதெல்லாம் அழிந்து வெறும் வெள்ளைக் கோடுதான் மிஞ்சும்.

கோலம் போடுபவரையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள். ஒரு விடியலில் வடக்கு மாடவீதிக்குப் பின்னால் ஒரு வீட்டு வாசலில், சிக்குக்கோலத்தின் கடைசி வளைவை மூடிக்கொண்டிருந்த மாமியிடம், "மாமி, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். நிமிராமலே, "கோலத்தையா, என்னையா?" என்றார். ரெண்டையும் என்றேன். "இருப்பா, பூ வெச்சுடறேன்" என்று உள்ளே போய், சாணி உருண்டையும் பூசணிப்பூவுமாக வந்து நடுவில் வைத்தார். கேட்காமல் தூரத்திலிருந்து எடுத்திருந்தால் குனிந்த முதுகு மட்டும் கிடைத்திருக்கும். கேட்டதால் அந்தப் பூவும், அதை வைக்கும் விரலும், வைத்துவிட்டு ஒரு அடி பின்னால் போய்த் தன் கோலத்தைத் தானே பார்க்கும் முகமும் கிடைத்தன. ஏழரை மணிக்குள் சைக்கிளும் ஸ்கூட்டரும் ஏறிக் கோலம் கலைந்துவிடும் என்பதால் தூக்கம் பார்க்க முடியாது.

போகி விடியல் தனி வகை. தெருவோரம் பழைய பாய், முறம் எல்லாம் எரியும், பிள்ளைகள் போகி மேளம் அடித்துக்கொண்டிருப்பார்கள், பனியும் புகையும் சேர்ந்து தெருவையே மூடும். கிழக்கு மேற்காக ஓடும் ஒரு தெருவில் நின்று சூரியனைப் பார்த்தபடி எடுத்தால் புகைக்குள் வெயில் கீற்றுக் கீற்றாக இறங்கும். படத்துக்கு அழகு, நெஞ்சுக்குக் கேடு. டயரும் பிளாஸ்டிக்கும் எரியும் இடத்தில் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் அன்றைக்குக் காலையில் அறையிலேயே இருந்துவிடுவது நல்லது. ஒரு படத்துக்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பொங்கலன்று காலை கட்டடங்கள், மாட்டுப் பொங்கலன்று திருவல்லிக்கேணி. பார்த்தசாரதி கோயிலைச் சுற்றிய தெருக்களில் இன்றும் மாடு வளர்க்கிறார்கள். வண்ணம் பூசிய கொம்போடு ஒரு பசு, பின்னால் பழைய வீட்டுத் திண்ணை, பக்கத்தில் நிறுத்திய பைக். சென்னை என்றால் இப்படித்தான் என்று சொல்லும் படம் அது. இந்த நாட்களில் நடக்கும் சென்னை சங்கமம் நிகழ்ச்சிகளில் பறையும் கரகமும் ஒயிலாட்டமும் பார்க்கலாம், ஆனால் மேடை விளக்கு கண்ணைக் கூசும். ஆட்டக்காரர்கள் மேடைக்குப் பின்னால் சலங்கை கட்டிக்கொள்ளும் நேரத்தில்தான் எனக்கு நல்ல படங்கள் கிடைத்திருக்கின்றன.

காணும் பொங்கலுக்கு மெரினா. லட்சக்கணக்கில் மக்கள் வருவார்கள். கடலில் இறங்காதபடி கட்டை கட்டித் தடுத்திருப்பார்கள். கூட்டத்தில் குழந்தை தொலைந்துவிடக் கூடாது என்று காவல்துறையினர் பிள்ளைகள் கையில் பெற்றோரின் பேரும் போன் நம்பரும் எழுதிய பட்டை கட்டிவிடுவார்கள். நான் அந்தப் பட்டையைத் தேடித் தேடி எடுப்பேன், அன்றைய நாளின் கதையே அதில்தான் இருக்கிறது. ஆனால் நம்பர் தெரியும் படத்தை யாருக்கும் அனுப்பவோ பொதுவில் போடவோ கூடாது. மடக்கிய கை, பட்டையின் பின்பக்கம் என்று எடுத்தாலே போதும். மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் ஓரம் வரை போய்விட்டு நகரத்தைப் பார்த்துத் திரும்புங்கள். சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கும், எதிரே மொத்தக் கூட்டமும் நிழலுருவமாக நிற்கும், பட்டமும் பலூனும் மேலே. ஆறு மணிக்குச் சூரியன் மறைந்ததும் திசையை மாற்றிக் கடல் பக்கம் பாருங்கள். முகங்களில் இளநீல வெளிச்சமும், சுண்டல் வண்டி, பஜ்ஜிக் கடை விளக்கின் மஞ்சளும் கலந்து விழும்.

இனி பங்குனி. மனிதர்களைத்தான் எடுக்க வேண்டும், கட்டடம் எனக்கு இரண்டாம்பட்சம் என்பவருக்கு நான் பொங்கலை விட்டுக்கொடுத்துப் பங்குனியைச் சொல்வேன். கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழா பத்து நாள். மூன்றாம் நாள் விடியலில் அதிகார நந்தி, ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்து மூவர். எட்டாம் நாள் பிற்பகல் மூன்று மணி வாக்கில் நாயன்மார் பல்லக்குகள் வரிசையாகக் கிளம்பும். கோலவிழி அம்மன், முண்டகக்கண்ணி அம்மன் என்று ஊர்த் தெய்வங்களும் சேர்ந்துகொள்ளும். தெருவெங்கும் நீர்மோர்ப் பந்தல், தொன்னையில் புளியோதரை, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்கும் பெரியவர்கள், தோளில் குழந்தைகள். இவ்வளவு விதமான முகங்களை ஒரே நாளில் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

அன்றைக்கு எங்கே நிற்பது என்பதில்தான் பாதி வெற்றி. ராஜகோபுரம் கிழக்கு பார்த்தது, ஊர்வலம் வலமாகச் சுற்றும். அதாவது கிழக்கிலிருந்து தெற்கு மாடவீதிக்குத் திரும்பி, அதன் நீளத்துக்கு மேற்கு நோக்கிப் போகும். பங்குனியில் சூரியன் ஏறக்குறைய நேர் மேற்கில் இறங்குவதால், மாலையில் தெற்கு மாடவீதி முழுவதும் வெயில் படுக்கையாக ஓடிவரும். வீதியின் மேற்கு முனையருகே, வெயில் முதுகில் படும்படி கிழக்கைப் பார்த்து நின்றால், பல்லக்கும் அதைச் சுமப்பவர்களும் முகத்தில் வெளிச்சத்தோடு உங்களை நோக்கி வருவார்கள். பெரும்பாலோர் கோபுர வாசலில்தான் முண்டியடிப்பார்கள். அங்கே மூன்று மணிக்குச் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும், கோபுரத்தின் முகப்பு இருண்டே தெரியும். ராஜகோபுரத்தைக் காலையில் சந்நிதித் தெருப் பக்கமிருந்தும், தெப்பக்குளத்தோடு சேர்ந்த தோற்றத்தை மாலையில் குளத்தின் மேற்குக் கரையிலிருந்தும் எடுப்பதே சரி, அதை வேறொரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

பங்குனியின் குறை வெயில் மட்டும் இல்லை. ஒரு தடவை இடம் பிடித்தால் மூன்று மணி நேரம் அசைய முடியாது. லென்ஸ் மாற்றக் கையைத் தூக்கவும் இடம் இருக்காது. திருமயிலை, லஸ் பகுதிகளில் மெட்ரோ வேலைக்காக அடைத்த தடுப்புகள் ஏற்கெனவே குறுகலான வழியை இன்னும் குறுக்கியிருக்கின்றன, அதனால் முந்தின நாளே நடந்து பார்த்து வெளியேறும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். நகரத்தின் மற்ற பகுதி அன்றைக்கு வழக்கம்போலத்தான் ஓடும். சென்ட்ரலையோ அண்ணா சாலையையோ காலியாகப் பார்க்கும் ஆசை நிறைவேறாது.

தீபாவளிக்கு நான் மூன்றாம் இடம்தான் தருவேன். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். நாலு நாளும் மேகம் மூடி, விடியலும் அந்தியும் தெரியாமலே போய்விடும் வாய்ப்பு அதிகம். எடுக்க வேண்டியதும் பண்டிகை நாளில் இல்லை, அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில், மாம்பலம் ரயில் நிலையத்துக்கும் உஸ்மான் சாலைக்கும் நடுவே ரங்கநாதன் தெருவில் இருக்கிறது. 2023-ல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதை மாம்பலம் நிலையத்தைத் தி.நகர் பேருந்து நிலையத்தோடு இணைக்கிறது, கூட்டத்தில் சிக்காமல் வந்து போக அது உதவும். தெருவுக்குள் கடை விளக்குகளெல்லாம் எல்.இ.டி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடியில் வையுங்கள். அதைவிட வேகமாக வைத்தால் படத்தில் குறுக்கே கருப்புப் பட்டை விழும். மழை பெய்து விட்டபின் ஈரத் தரையில் கடைப் பலகைகளின் நிறம் வழிவதைப் பார்த்தவர்கள் மழையைத் திட்ட மாட்டார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். பண்டிகையன்று பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் வரையறுத்திருப்பதால், வாணவேடிக்கைக்குக் கிடைப்பது அந்த மாலை ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்தையும் சவுகார்பேட்டை, தங்கசாலைத் தெருவில் செலவிடலாம். அங்குள்ள மார்வாடி, குஜராத்திக் குடும்பங்கள் கடைகளில் லட்சுமி பூஜை முடித்து அகல் ஏற்றுவார்கள். தென்னகத்துத் தீபாவளியில் காணாத காட்சி.

கிறிஸ்துமஸை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். சாந்தோம் பேராலயமும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயமும் அன்றிரவு அழகாக இருக்கும், ஆனால் அதற்காக மட்டும் ஒரு பயணம் போடும் அளவுக்கு நகரமெங்கும் காட்சி விரியாது. டிசம்பர் கடைசியிலிருந்தே தங்க முடிந்தவர்கள் பொங்கல் பயணத்தின் முன்வரிசையாக வைத்துக்கொள்ளலாம்.

கேமரா விஷயத்தை நீட்ட வேண்டாம். ரங்கநாதன் தெருவுக்கும் கோலத்துக்கும் நல்ல மொபைல் போதும். தெருவுக்கு ஒரே லென்ஸ் என்றால் 35 மி.மீ. காணும் பொங்கல் நிழலுருவங்களுக்குச் சற்று நீண்ட லென்ஸ் வேண்டும், அறுபத்து மூவருக்கு 24-70 ஜூமை மாட்டிக்கொண்டு பையைப் பூட்டிவிடுங்கள். டிரோன் எண்ணமே வேண்டாம். கோட்டையும் கடற்படை வளாகமும் உள்ள கடற்கரைப் பக்கம் அனுமதியில்லாமல் பறக்கவிடுவது வழக்கில் போய் முடியும். கோயில்களுக்குள் செல்போனே கூடாது என்று 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது, ஆகவே கோயிலின் படங்களை வீதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏசி அறையிலிருந்து நேரே கடற்காற்றுக்குப் போனால் லென்ஸில் ஆவி படியும், கேமராவைப் பையிலேயே வைத்துக் கால் மணி நேரம் விடுங்கள்.

முடிவெடுக்கத் திணறுபவர்களுக்கு என் யோசனை இதுதான். ஜனவரியில் விடுப்பு கிடைக்குமென்றால் போகிக்கு முதல் நாள் வந்து காணும் பொங்கலுக்கு மறுநாள் கிளம்புங்கள், மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ நடந்து போகும் தூரத்தில் தங்குங்கள். பொங்கலன்று மெஸ்களும் சின்ன ஓட்டல்களும் மூடியிருக்கும், அன்றைய காலைச் சாப்பாட்டுக்கு முந்தின இரவே ஏதாவது வாங்கி வையுங்கள். ஜனவரியில் முடியாதென்றால் பங்குனிப் பெருவிழாவின் கொடியேற்றத் தேதியைப் பார்த்து, அதையும் சேர்த்து எண்ணி எட்டாம் நாளைக் குறித்துக்கொண்டு, ஆறாம் நாள் மாலையே வந்துவிடுங்கள். தேரன்று மாடவீதிகளில் நின்று வெயில் எந்த மணிக்கு எந்த வீதியில் விழுகிறது என்று பார்த்துவைத்தால் மறுநாள் இடம் தேடி அலைய வேண்டியிருக்காது. தீபாவளியை வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று பக்கத்தில் இருப்பவர்களுக்கு விட்டுவிடலாம். அவர்களால் மழை விட்ட ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து ஒரே மாலையில் வந்து திரும்ப முடியும்.